அரங்கு நிறைந்தும் அரசு பணம் எதற்கு?

நெய்தல்:
ஜெர்மனியின் வூப்பர்டால் நகரில் பீனா பௌஷ் 1973இல் பொறுப்பேற்று வளர்த்த நடனக் குழுவைப் பற்றிப் படிக்கிறேன். போகும் ஊரிலெல்லாம் டிக்கெட் தீர்ந்துவிடுகிறதாம். பிறகு நகராட்சியும் மாநில அரசும் ஏன் பணம் கொடுக்க வேண்டும்? சொந்த ஊரிலேயே ஆடக் கூடாதா?

மேடைவிளக்கு:
நான் அரங்க ஒளியமைப்பில் இருப்பவன். செலவுப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். அந்தக் குழுவின் 'பலெர்மோ பலெர்மோ' (1989) தொடங்கும்போது மேடையை அடைத்து நிற்கும் கற்சுவர் புழுதி பறக்கச் சரிந்து விழும். அந்த இடிபாட்டின் நடுவேதான் ஆட்டம். அடுத்த முறை ஆடுவதற்குள் மேடையைப் பெருக்கி, சுவரை மறுபடி அடுக்க வேண்டும். அடுக்குகிறவருக்குக் கூலி, ஆடுகிறவருக்கு மாதச் சம்பளம். ஒத்திகையோ மாதக்கணக்கில் நடக்கும். எந்த இயந்திரமும் இதில் ஆள் குறைக்காது. பாமோல், போவன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர்கள் 1966இலேயே இதை விளக்கிவிட்டார்கள்: ஆலையில் உற்பத்தி பெருகப் பெருகச் சம்பளம் ஏறுகிறது; நால்வர் வாசிக்க வேண்டிய இசைக்கு இன்றும் நால்வர்தான் வேண்டும், அவர்களுக்கும் ஊரோடு ஒத்த சம்பளம் தர வேண்டும். இந்தப் பற்றாக்குறையையெல்லாம் டிக்கெட் விலையில் ஏற்றினால் சாதாரண மனிதர் உள்ளே வர முடியாது. ஜெர்மனியின் பொது அரங்குகள் மொத்தமாகப் பார்த்தால் செலவில் ஐந்தில் ஒரு பங்கைக்கூடத் தாமே ஈட்டுவதில்லை.

நெய்தல்:
வெளிநாட்டுப் பயணம் என்றால் செலவு இன்னும் கூடுமே?

மேடைவிளக்கு:
வூப்பர்டாலின் மக்கள்தொகை ஏறத்தாழ மூன்றரை லட்சம். ஒரே படைப்பை அங்கே எத்தனை இரவு ஆடுவது? ஒத்திகைச் செலவு முன்பே முடிந்துவிட்டது. அழைக்கும் விழா ஆட்டக் கட்டணத்தோடு சரக்கு, தங்குமிடச் செலவையும் ஏற்றால், அந்தப் படைப்பு இன்னும் சில ஆண்டுகள் உயிரோடு இருக்கும். சில நேரம் படைப்பு உருவாகும் முன்பே பணம் வரும். 'பலெர்மோ பலெர்மோ'வில் இத்தாலியின் பலெர்மோ நகரிலுள்ள பியோந்தோ அரங்கு கூட்டுத் தயாரிப்பாளர்.

கூத்துப்பிரியன்:
பயணத்தையும் டிக்கெட்டையும் மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவின் சர்க் டு சொலே என்ற சர்க்கஸ் நிறுவனம் சாட்சி. 2020 மார்ச்சில் காட்சிகள் நின்றதும் 95 விழுக்காடு ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. ஜூனில் கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. அத்தனை கலைஞர்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

மேடைவிளக்கு:
எனக்கும்தான். இன்னொன்றையும் கவனியுங்கள்: அழைக்கிறவர் பணமும் பெரும்பாலும் பொதுப்பணமே. வூப்பர்டால் குழு இந்தியாவில் தங்கி உருவாக்கிய 'பேம்பூ புளூஸ்' (2007) படைப்புக்குத் துணை நின்றது, ஜெர்மன் அரசு நிதி பெறும் பண்பாட்டு அமைப்பான கோதே நிறுவனம். ஆகவே ஒரு நாட்டில் கலை ஒதுக்கீட்டை வெட்டினால், வேறொரு நாட்டுக் குழுவின் பயண அட்டவணையிலும் ஓட்டை விழுகிறது.