புதுப்பிப்பு: வாடி ரம் போய் வந்தாச்சு

ஜோர்டானின் வாடி ரம் பாலைவனத்துக்கு ஒரு பகல் ஜீப் சுற்று போதுமா, இரவும் தங்க வேண்டுமா என்று நவம்பரில் கேட்டிருந்தேன். ஆளுக்கு ஒரு பதில் சொன்னீர்கள். போய் வந்துவிட்டேன். தங்குங்கள்.

பகல் சுற்றிலும் குறையில்லை. ஜீப் என்கிறார்களே தவிர, வருவது பின்னால் பெஞ்சு போட்ட பிக்கப் வண்டி. கஸாலி மலைப்பிளவின் சுவர்களில் பழங்கால எழுத்துகளும் மனித உருவங்களும் செதுக்கியிருக்கிறார்கள். உம் ஃப்ருத் என்ற இயற்கையான கல்பாலத்தில் ஜம்மென்று ஏறிவிட்டேன், இறங்கும்போதுதான் கால் நடுங்கியது. ஆனால் எங்கே நின்றாலும் பக்கத்தில் நாலு வண்டி.

சாயங்காலம் அந்த வண்டிகள் திரும்பிய பிறகுதான் இடமே மாறியது. இரவுச் சாப்பாடு 'ஸர்ப்': கோழி, ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் அடுக்குத் தட்டில் வைத்து, மணலுக்குள் புதைத்த தணல் அடுப்பில் இறக்கி, மூடி, மேலே மணலைத் தள்ளிவிடுகிறார்கள். திறக்கும்போது வந்த வாசனை இன்னும் மூக்கில் நிற்கிறது. சைவக்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஒரே அடுப்பில்தான் எல்லாம் வேகிறது.

குளிரைப் பற்றி எச்சரித்தவர்களுக்கு நன்றி. டிசம்பர் இரவு, இரண்டு கம்பளி போதவில்லை.

ஒரு வருத்தம்: படத்தில் தனியாகத் தெரிந்த முகாமுக்குப் பக்கத்திலேயே இன்னொன்று, அதன் ஜெனரேட்டர் பத்தரை வரை ஓடியது. புக் பண்ணும் முன் அதைக் கேளுங்கள்.

அப்புறம், ஜோர்டான் பாஸ் (பல சுற்றுலா இடங்களுக்கும் சேர்த்து வாங்கும் நுழைவுச் சீட்டு) இருந்தால் நுழைவுக் கட்டணம் இல்லை. ஜீப்புக்கும் முகாமுக்கும் தனிக் காசு.