சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் காட்டும் ஈஜிஎஃப்ஆர் 38 என்று லேப் சொல்கிறது, கோடர் நோயின் நிலை 3பி என்று போடலாமா?

மீனா_கோடிங்:
அமெரிக்க அவுட்பேஷன்ட் சார்ட் ஒன்றுக்கு, பில்லில் போகும் நோய்க் குறியீடு போடுகிறேன். டாக்டர் "நாள்பட்ட சிறுநீரக நோய், உயர் ரத்த அழுத்தம்" என்று மட்டும் எழுதியிருக்கிறார். லேப் ரிப்போர்ட்டில் ஈஜிஎஃப்ஆர் 41, ஆறு மாதம் கழித்து 38. 30 முதல் 44 வரை இருந்தால் நோயின் நிலை 3பி. 2020 அக்டோபரிலிருந்து அதற்கென்றே என்18.32 என்ற குறியீடு இருக்கிறது. அதைப் போட்டால் ஆடிட்டில் பிழை என்கிறார்கள், நிலை குறிப்பிடாத என்18.9 தான் போட வேண்டுமாம். இது என்ன நியாயம்?

குமரன்_சிபிசி:
ஆடிட்டர் சொன்னது சரி. லேப் எண்ணை வைத்து நாம் நிலையை முடிவு செய்யக் கூடாது, டாக்டரே எழுதியிருக்க வேண்டும். பிஎம்ஐ, படுக்கைப்புண்ணின் நிலை போன்ற சிலவற்றை மட்டும் நர்ஸ் குறிப்பிலிருந்து எடுக்கலாம் என்று கோடிங் வழிகாட்டி விதிவிலக்கு தருகிறது. சிறுநீரக நோயின் நிலை அந்தப் பட்டியலில் இல்லை.

மீனா_கோடிங்:
அப்படியானால் உயர் ரத்த அழுத்தச் சிறுநீரக நோய்க்கான ஐ12.9 மட்டும் எப்படி? ரத்த அழுத்தத்தால்தான் சிறுநீரகம் கெட்டது என்று டாக்டர் ஒரு வரிகூட எழுதவில்லையே. அங்கே ஊகிக்கலாம், கண்ணெதிரே இருக்கும் எண்ணைப் படிக்கக் கூடாதா?

குமரன்_சிபிசி:
அந்தத் தொடர்பை விதியே கொடுத்திருக்கிறது, நாம் ஊகிக்கவில்லை. டாக்டர் "தொடர்பில்லை" என்று எழுதிவிட்டால் ஐ12 போட முடியாது. நிலைக்கு அப்படி ஒரு விதி கிடையாது.

நெஃப்ரோ_மருத்துவர்:
ரத்தத்தில் உள்ள கிரியாட்டினின் என்ற தசைக் கழிவை வைத்துப் போடும் கணக்குதான் ஈஜிஎஃப்ஆர். வயிற்றுப்போக்கில் நீர் வற்றி வந்தவருக்குச் சட்டென்று குறையும். தசை கரைந்த முதியவருக்கோ உள்ளதைவிட நல்ல எண்ணைக் காட்டும். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிறதா, இது நோயின் போக்குதானா என்பதை நோயாளியைப் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும்.

மீனா_கோடிங்:
சரி டாக்டர். ஆனால் என்18.9 போட்டாலும் நோயாளியின் உண்மை நிலை பதிவாகவில்லையே. மெடிகேர் அட்வான்டேஜ் என்ற அமெரிக்க முதியோர் காப்பீட்டில், நோயின் கடுமைக்கேற்பப் பணம் தரும் இடர் கணக்கில் 3பி-க்கு மதிப்பு உண்டு, என்18.9-க்கு இல்லை. பணம் கிடக்கட்டும். நிலை தெரியாமல் அடுத்த டாக்டர் சிறுநீரகத்தைக் கெடுக்கும் வலி மாத்திரை எழுதினால் யார் பொறுப்பு?

குமரன்_சிபிசி:
அதற்குத்தான் க்வெரி, அதாவது டாக்டரிடம் விளக்கம் கேட்டு அனுப்பும் கேள்வி. "3பி என்று எழுதவும்" என்று கேட்கக் கூடாது, அது பதிலை நாமே ஊட்டுவது. இரண்டு எண்களையும் தேதியோடு வைத்து, "நோயின் நிலையைக் குறிப்பிட முடியுமா?" என்று கேளுங்கள்.

மீனா_கோடிங்:
பதில் வருவதற்குள் பில் போய்விடுகிறது! நிலையைத் தேர்ந்தெடுக்காமல் நோட்டை மூட முடியாதபடி டெம்ப்ளேட்டிலேயே வைக்கட்டும்.

நெஃப்ரோ_மருத்துவர்:
கட்டாயமாக்கினால் அவசரத்தில் போன முறை இருந்ததையே அழுத்திவிட்டுப் போவார்கள். நோய் 4-ஆம் நிலைக்குப் போன பிறகும் ரிக்கார்டில் 3ஏ என்றே கிடக்கும். கடைசி இரண்டு ஈஜிஎஃப்ஆரையும் அந்தக் கட்டத்தின் பக்கத்திலேயே காட்டுவதாக இருந்தால் சம்மதம்.