உதவி தேவை: ஓத்-பிக்கார்டி நிலையத்திலிருந்து அல்பேருக்குப் பேருந்து எங்கே ஏற வேண்டும்?

வைகைக்கரை:
அனைவருக்கும் வணக்கம். அவசரமாகக் கேட்கிறேன், அடுத்த வாரம் புறப்பாடு. வடக்குப் பிரான்சின் சோம் பகுதியில் முதல் உலகப் போர் நடந்த இடங்களைச் சுற்றுலா நிறுவனம் எதையும் நாடாமல் நாங்களே சென்று பார்ப்பதாகத் திட்டம். சார்ல் து கோல் விமான நிலையத்திலிருந்து ஓத்-பிக்கார்டி வரை அதிவேக ரயிலுக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். அல்பேரில் விடுதியும் பதிவாகிவிட்டது. ஆனால் அந்த நிலையத்திலிருந்து அல்பேருக்கு எந்தச் செயலியில் தேடினாலும் அமியேன் வழியாகச் சுற்றிப் போகச் சொல்கிறது. நேர்ப் பேருந்து எங்கே நிற்கும்? தியெப்வால் நினைவு வளைவில் இந்தியப் படைவீரர்களின் பெயர்களைப் பார்ப்பதுதான் முக்கியம். முடிந்தால் அன்றே நெவ் ஷப்பேலும் பார்க்க வேண்டும். தெரிந்தவர்கள் விரைவில் சொல்லுங்கள்.

தேரடித்தெரு:
எந்தத் தேதியில், என்ன கிழமையில் போய் இறங்குகிறீர்கள்? எத்தனை பேர்? கார் ஓட்டுவீர்களா? சீட்டை மாற்ற முடியுமா? இவை தெரியாமல் யார் பதில் சொன்னாலும் அது உங்களுக்குப் பொருந்துமா என்று சொல்ல முடியாது.

நெடுவழி:
வரைபடத்தைப் பார்த்த பிறகே சீட்டு எடுக்க வேண்டும் என்பது தனிப்பயணத்தின் அரிச்சுவடி. அதைப் புரட்டாமலேயே பலர் இங்கே வந்து கேட்பதால் மறுபடியும் எழுதுகிறேன். ஓத்-பிக்கார்டி ஓர் ஊரின் பெயர் அன்று. அமியேனுக்கும் சேன்-காந்தேனுக்கும் நடுவே, திறந்த வயல்வெளியில் 1990களில் கட்டப்பட்ட நிலையம் அது. சுற்றிலும் சர்க்கரைக் கிழங்கு பயிராவதால் பிரெஞ்சுக்காரர்களே அதைப் பீட்ரூட் நிலையம் என்கிறார்கள். இணைப்புப் பேருந்துகள் பெரும்பாலும் அந்த இரு நகரங்களுக்கே ஓடுகின்றன. அல்பேர் வேறு ரயில் பாதையில், அமியேனுக்கும் அராசுக்கும் இடையில் இருக்கிறது. எனவே செயலி சொல்வது சரி. நீங்கள் தேடும் நேர்ப் பேருந்தை நம்பிப் புறப்பட வேண்டாம்.

அடுத்தது பெயர்கள். தியெப்வால் வளைவில் இருப்பவை சோம் களத்தில் இறந்து, கல்லறை இன்னதென்று அறியப்படாத பிரித்தானிய, தென்னாப்பிரிக்கப் படையினரின் பெயர்கள். அவையே 72,000க்கும் மேல். மேற்குக் களத்தில், அதாவது பிரான்சு, பெல்ஜியம் போர்முனையில், காணாமற்போன இந்தியர்களுக்கான நினைவகம் நெவ் ஷப்பேலில் இருக்கிறது. உங்கள் முக்கிய நோக்கம் அதுவென்றால், 'முடிந்தால்' என்று எழுதிய இடம்தான் உங்கள் பயணத்தின் முதல் இடம்.

இருசக்கரம்:
பேருந்து, டாக்சி என்று அலைய வேண்டியதே இல்லை. அல்பேரில் மிதிவண்டி வாடகைக்குக் கிடைக்குமா என்று சுற்றுலா அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆங்க்ர் ஆற்றை ஒட்டி அவலுவி, ஒத்துயில் சிற்றூர்கள் வழியாகத் தியெப்வால் வரை ஏழெட்டுக் கிலோமீட்டர்தான், கடைசியில்தான் மேடு. காரில் போகிறவர்கள் நினைவுச் சின்னங்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். வயலுக்கு நடுவே நூறு, இருநூறு கல்லறைகளோடு சிறு மதிற்சுவருக்குள் அடங்கிய இடுகாடுகள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றில் நின்று, எதிர்ச் சரிவு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று கண்ணால் அளந்து பார்த்தால்தான் 1916 ஜூலை 1ஆம் நாள் காலையில் அங்கே நடந்தது என்னவென்று விளங்கும். அந்த ஒரு நாளில் பிரித்தானியப் படையின் இழப்பு, காயமடைந்தவர்களையும் சேர்த்து, 57,470 பேர். அவர்களில் இறந்தவர்கள் மட்டும் 19,240.

லாச்சப்பல்வாசி:
நான் பாரிசில் வசிக்கிறேன். அந்தப் பக்கம் விருந்தினர்களைக் கூட்டிச் சென்று பழக்கம் உண்டு. அந்தச் சீட்டை மாற்றிவிடுங்கள். விமான நிலையத்திலிருந்து பி வழித்தடத் தொடருந்தில் கார் து நோர் நிலையத்துக்கு வாருங்கள். அங்கிருந்து அமியேனுக்கு ஏறக்குறைய ஒன்றேகால் மணித்தியாலம். அமியேனில் மாறி ஏறினால் அரை மணித்தியாலத்துக்குள் அல்பேர். பயணப்பைகளோடு வயல் நடுவே இணைப்புப் பேருந்துக்குக் காத்திருப்பதைவிட இது மிகவும் இலகு. கார் து நோரிலிருந்து லா ஷப்பேல் நடந்து போகும் தூரம்தான். எங்கள் தமிழ்க் கடைகளில் இடியப்பமோ சோறோ வாங்கிக்கொண்டு ஏறுங்கள். அல்பேர் சிறிய ஊர், இரவில் நேரத்தோடு கடைகளைப் பூட்டிவிடுவார்கள்.

வைகைக்கரை:
நன்றி. இருவர் செல்கிறோம். நவம்பர் 10ஆம் தேதி மாலை வந்து இறங்குவோம். மறுநாள் முழுவதும் கையில் இருக்கிறது. கார் ஓட்டுவேன், ஆனால் பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் எடுக்கவில்லை.

தேரடித்தெரு:
முதலிலேயே தேதியைச் சொல்லியிருந்தால் எல்லாருடைய பதிலும் வேறாக இருந்திருக்கும். மறுநாள் நவம்பர் 11. 1918இல் போர் நிறுத்தம் கையெழுத்தான நாள். பிரான்சில் பொது விடுமுறை. ரயில்கள் விடுமுறைக் கால அட்டவணைப்படிதான் ஓடும், கடைகள் பல திறக்க மாட்டா, டாக்சி ஓட்டுநர்களும் சொல்லி வைத்தால்தான் வருவார்கள். தியெப்வால் உட்படப் பல இடங்களில் அன்று காலை நினைவேந்தல் நடைபெறும். அதைப் பார்ப்பது பெரும் பேறு. ஆனால் நினைத்த நேரத்தில் வண்டி கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. மாலை ஐந்து மணியைத் தாண்டியதும் இருட்டிவிடும். அன்றே நெவ் ஷப்பேல் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். அல்பேரிலிருந்து அது அறுபது கிலோமீட்டருக்கு மேல்.

வளைகுடாச்சாலை:
கார் இல்லாமல் இந்தப் பகுதியைப் பார்ப்பது வீண் முயற்சி என்பது என் உறுதியான கருத்து. ஊருக்கு ஊர் நினைவிடங்கள் சிதறிக் கிடக்கின்றன. நம் ஊர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு உரிமம் பெரும்பாலும் சில நாட்களில் கிடைத்துவிடும். நாளைக்கே விண்ணப்பியுங்கள். அமியேனில் காரை எடுத்தால் பாரிஸ் நெரிசலும் இல்லை. வலப்பக்கம் ஓட்டுவது ஒரு மணி நேரத்தில் பழகிவிடும். ஊர்ச் சந்திப்புகளில் மட்டும் வலப்புறத் தெருவிலிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும் என்ற அவர்களுடைய விதியை மறக்க வேண்டாம்.

நெடுவழி:
அடுத்த வாரம் பயணம் என்பவருக்கு நாளைக்கு உரிமம் எடுக்கச் சொல்வது உதவி ஆகாது. நவம்பர் மழையில், பழக்கமில்லாத பக்கத்தில், கிழங்கு ஏற்றிய டிராக்டர்கள் சேற்றை இழுத்துவிட்ட சாலையில் முதன்முறையாக ஓட்ட வேண்டும் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

குதிரைலாயம்:
மேலே சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். தியெப்வாலில் இந்தியப் பெயர்களைத் தேட வேண்டாம் என்பது சரிதான். ஆனால் அதைப் படிப்பவர்கள் சோம் களத்தில் இந்தியர்களே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது.

தேரடித்தெரு:
இருந்தார்கள் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? லாகூர், மீரட் ஆகிய இரண்டு இந்தியக் காலாட்படைப் பிரிவுகளும் 1915 முடிவில் பிரான்சை விட்டு மெசபொத்தேமியாவுக்கு (இன்றைய ஈராக்) கிளம்பிவிட்டன. சோம் போர் தொடங்கியதோ 1916 ஜூலையில்.

குதிரைலாயம்:
காலாட்படை போனது உண்மை, குதிரைப்படை போகவில்லை. இந்தியக் குதிரைப்படைப் பிரிவுகள் 1918 தொடக்கம் வரை பிரான்சிலேயே இருந்தன. 1916 ஜூலை 14 மாலையில், 20ஆவது டெக்கான் ஹார்ஸ் என்னும் இந்தியக் குதிரைப்படை வீரர்கள் ஒரு பிரித்தானியக் குதிரைப்படையோடு சேர்ந்து, ஹை வுட் காட்டுக்கும் டெல்வில் காட்டுக்கும் இடைப்பட்ட வயலில், விளைந்து நின்ற பயிருக்குள் ஈட்டியோடு பாய்ந்தார்கள். இயந்திரத் துப்பாக்கிகளுக்கு எதிரே நடந்த தாக்குதல் அது. ஆகவே அல்பேரில் தங்குகிற இந்தியர் ஒருவர் பார்க்க வேண்டிய இடம் லொங்கேவால் அருகிலுள்ள அந்தச் சரிவு. அங்கே பெயர்ப்பலகையைத் தேட வேண்டாம், நிலத்தைப் பாருங்கள்.

நெடுவழி:
அந்த நிகழ்வு உண்மைதான். ஆனால் போகிறவருக்கு முழுவதையும் சொல்ல வேண்டும். ஹை வுட் தனியார் காடு, உள்ளே நுழைய அனுமதி இல்லை. சாலையில் நின்று பார்க்கலாம். எதிரிலேயே லண்டன் கல்லறை என்னும் பெரிய இடுகாடு இருக்கிறது. இன்னொன்றும் சொல்கிறேன். இலையுதிர்கால உழவில் இன்றும் வெடிக்காத குண்டுகள் மேலே வருகின்றன. உழவர்கள் அவற்றை வயலோரத்தில் எடுத்து வைத்திருப்பார்கள். துரு ஏறிய இரும்புத் துண்டுபோலத் தெரியும் எதையும் கையால் தொடக் கூடாது, காலாலும் தட்டக் கூடாது. சிலவற்றில் நச்சு வாயு உண்டு.

மாசிவீதி:
நெவ் ஷப்பேல் சுவரில் தமிழ்ப் பெயர்கள் இருக்குமா? புதுச்சேரி கடற்கரைச் சாலையில் போர் நினைவுச் சின்னம் இருக்கிறதே, அவர்களும் பிரான்சில்தானே போரிட்டார்கள்?

குதிரைலாயம்:
அது வேறு கணக்கு. புதுச்சேரி, காரைக்கால் பக்கமிருந்து போனவர்கள் பிரெஞ்சுப் படையில் சேர்ந்தவர்கள். நெவ் ஷப்பேல் பிரித்தானிய இந்தியப் படைக்கு உரியது. அங்கே போர்வீரர்களோடு தொழிலாளர் படையினரும் சேர்த்து 4,700க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. பஞ்சாப், கார்வால், நேபாளம் ஆகிய பகுதிகளின் பெயர்கள் மிகுதி. 1915 மார்ச் 10 அன்று இறந்து, பிரித்தானியாவின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவை பெற்ற கார்வால் படைவீரர் கபர் சிங் நேகியின் பெயரும் அவற்றில் ஒன்று. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் படைப்பிரிவின் பெயரைக் கொண்டு தேடினால் ஒவ்வொரு பெயரும் எந்தப் பலகையில் உள்ளது என்ற எண் கிடைக்கும். அதைக் குறித்துக்கொண்டு போகாவிட்டால் சுவர் முழுக்கத் தேட நேரிடும்.

இருசக்கரம்:
நெவ் ஷப்பேல் தட்டையான நிலம். லா பாசே நிலையத்திலிருந்து மிதிவண்டியில் அரை மணி நேரம்கூட ஆகாது.

வைகைக்கரை:
மிதிவண்டி முடியாது. உடன் வருபவர் என் அப்பா. இந்திய ராணுவத்தின் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். முழங்கால் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. தட்டையான தரையில் மெதுவாக நடப்பார். நெவ் ஷப்பேலில் மாலை வைக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். போர்க்களம் பார்ப்பது என் விருப்பம்.

தேரடித்தெரு:
இதுதான் நாங்கள் கேட்டுக்கொண்டிருந்த விவரம். அப்படியானால் திட்டத்தையே வேறு விதமாகப் போட வேண்டும். நவம்பர் 11 அன்று அல்பேரில் முன்பதிவு செய்த டாக்சி ஒன்றில் அரை நாள் சுற்றுங்கள். விடுதிக்கு இன்றே எழுதி, அவர்களையே ஓட்டுநரிடம் பேசச் சொல்லுங்கள். லா புவாசெல் ஊரில் லோக்நகார் பள்ளம், பிறகு தியெப்வால், நேரமிருந்தால் போமோன்-ஆமெல், அவ்வளவு போதும். லோக்நகார் என்பது 1916 ஜூலை 1 காலை 7.28க்குச் சுரங்க வெடி வைத்துத் தகர்த்த இடம். வாய் நூறு மீட்டர் அகலம். விளிம்பைச் சுற்றிப் பலகை நடைபாதை இருக்கிறது, உங்கள் தந்தைக்குச் சிரமம் இராது. மழை பெய்தால் பலகை வழுக்கும், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். போமோன்-ஆமெலில் பதுங்குகுழிகள் புல் மூடியபடி அப்படியே இருக்கின்றன. இன்றைய கனடாவைச் சேர்ந்த நியூபவுண்ட்லாந்துப் படையணியில் அன்று முன்னேறியவர்கள் ஏறத்தாழ 800 பேர். மறுநாள் பெயர் கூப்பிட்டபோது பதில் சொன்னவர்கள் 68 பேர். ஆனால் அங்கே மேடுபள்ளத்தில் நிறைய நடக்க வேண்டும். அவர் நுழைவுப் பக்கத்திலிருந்தே பார்த்துக்கொள்ளட்டும்.

லாச்சப்பல்வாசி:
நெவ் ஷப்பேலை 12ஆம் திகதிக்கு வையுங்கள். வேலைநாள் என்பதால் தொடருந்துகள் வழமைபோல ஓடும். அல்பேரிலிருந்து அராஸ், அங்கிருந்து பெத்யூன். லா பாசே நிலையம் நினைவிடத்துக்குக் கிட்ட என்றாலும் அங்கே டாக்சி நிற்கும் என்று நம்ப ஏலாது. பெத்யூனில் பிடிப்பதே நல்லது. திரும்பி வருவதற்கும் சேர்த்துப் பேசி, ஓட்டுநரை அங்கேயே காத்திருக்கச் சொல்லுங்கள். நினைவிடம் ஊருக்கு வெளியே, நாற்சந்தியில் இருக்கிறது. வட்டமான மதில். நடுவே தாமரைத் தலைப்போடு பதினைந்து மீட்டர் உயரத் தூண், அதன் அடியில் இரண்டு கற்புலிகள். தரை சமம், தகப்பனாருக்குக் கஷ்டம் இல்லை. மாலையை அராசிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். நாற்சந்தியில் கடை எதுவும் கிடையாது. பக்கத்திலேயே போர்த்துக்கேயப் படையினரின் இடுகாடும் இருக்கிறது, அதையும் பார்த்து வாருங்கள்.

வளைகுடாச்சாலை:
காரில் சென்றால் இவை அனைத்தும் ஒரே நாளில் முடியும் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

நெடுவழி:
ஒரே நாளில் முடிப்பது இங்கே யாருடைய நோக்கமும் அன்று. வைகைக்கரை, சீட்டை மாற்ற விமான நிலையக் கவுன்டர் வரை காத்திருக்காதீர்கள். எடுத்த இணையதளத்திலேயே மாற்றலாமா என்று இன்றே பாருங்கள். புறப்பாடு நெருங்க நெருங்க அவர்கள் பிடித்துக்கொள்ளும் தொகை கூடும். தந்தையின் படைப்பணிச் சான்று இருந்தால் கையில் வைத்திருக்கட்டும். நினைவேந்தலுக்கு வரும் முன்னாள் வீரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள், தனியாக நிற்க விடமாட்டார்கள்.

குதிரைலாயம்:
போய் வந்ததும் டாக்சிக் கட்டணம் எவ்வளவு ஆயிற்று என்று எழுதுங்கள், அடுத்துப் போகிறவர்களுக்கு உதவும்.

வைகைக்கரை:
திரும்பி வந்துவிட்டோம். சீட்டு மாறியது, அமியேன் வழியாகவே சென்றோம். 11ஆம் தேதி விடுதி உரிமையாளரின் ஏற்பாட்டில் டாக்சி வந்தது. ஹை வுட் சாலையில் நிற்க நேரம் கிடைக்கவில்லை. நெவ் ஷப்பேலில் அப்பா சாப்பர்ஸ் பெயர்கள் உள்ள பலகைகளைக் கேட்டார். ஆணையத்தின் இணையதளத்தில் குறித்துக்கொண்ட எண்களைப் பார்த்து நேராகப் போனோம். பம்பாய், வங்காள சாப்பர்ஸ் பிரிவுகளின் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். பெத்யூன் ஓட்டுநர் காத்திருந்தார். கட்டண விவரத்தை ரசீதுகளைப் பார்த்துப் பிறகு எழுதுகிறேன். அனைவருக்கும் நன்றி.