108 பணியை விட்டு வந்தபின் கடற்கரை முதலுதவி அறையில் ஊசி போடலாமா?

கேள்வி (மண்டபம் அருகே ஒரு மீனவக் கிராமம்)

வணக்கம். ஐந்து ஆண்டுகள் 108 ஆம்புலன்ஸில் அவசரகால மருத்துவ நுட்புநராக இருந்துவிட்டு, அப்பாவின் உடல்நிலை காரணமாக ஊருக்குத் திரும்பியிருக்கிறேன். மீன் இறங்குதளத்தை ஒட்டி ஒரு முதலுதவி அறை அமைத்து, அதில் மாதத் தொகைக்கு இருக்கும்படி எங்கள் ஊர் மீனவர் சங்கம் என்னைக் கேட்கிறது. டிரிப்ஸ் பாட்டில்களையும் ஊசி மருந்துகளையும் அவர்கள் ஏற்கெனவே வாங்கி வைத்துவிட்டார்கள். திருக்கை முள் குத்தியவர், கடல்பாம்பு தீண்டியவர், சங்கு குளிக்கப் போய் மயங்கியவர் என யாராக இருந்தாலும் ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை எங்கள் கையில்தான் இருப்பார்கள். வண்டியில் இதே கைகளால் எத்தனையோ பேருக்கு ஊசி ஏற்றியிருக்கிறேன். கரையில் நின்றுகொண்டு அதைச் செய்யாமல் இருப்பது எனக்குப் பெரும் வேதனையாக இருக்கிறது. சட்டப்படி நான் எதுவரை போகலாம்?

பதில் (வழக்கறிஞர், ராமநாதபுரம்)

உங்கள் கைத்திறனில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வண்டியில் நீங்கள் மருந்து கொடுத்தது உங்கள் சொந்த அதிகாரத்தில் அல்ல; அந்தச் சேவையின் வழிமுறைகளும், கட்டுப்பாட்டு அறையிலிருந்து பேசிய மருத்துவரும்தான் அந்த அதிகாரத்தைத் தந்தார்கள். பணியை விட்ட நாளில் பயிற்சி உங்களோடு வந்தது, அதிகாரம் வரவில்லை.

2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, பதிவு பெறாதவர் மருத்துவத் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். மாதத் தொகை வாங்கிக்கொண்டு ஓர் அறையில் அமர்ந்து டிரிப்ஸ் ஏற்றுவது இதற்குள் வந்துவிடும் அபாயம் மிக அதிகம். 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் சட்டம் அவசரகால மருத்துவ நுட்புநர்களையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனால் அந்தப் பதிவு கிடைத்தாலும் நீங்கள் மருத்துவர் ஆகிவிடுவதில்லை.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில், மருத்துவச் செயல்முறையின்போது கவனக்குறைவால் மரணம் நேர்ந்தால் பதிவு பெற்ற மருத்துவருக்கு அதிகபட்சம் இரண்டாண்டுச் சிறை. மற்ற எவருக்கும் ஐந்தாண்டு. நீங்கள் அந்த இரண்டாவது வரிசையில்தான் நிற்கிறீர்கள்.

"உதவி செய்தவனைச் சட்டம் காக்காதா?" என்று கேட்பீர்கள். காக்கும், ஆனால் ஓர் எல்லை வரை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, ஊதியமோ வெகுமதியோ எதிர்பாராமல் நல்லெண்ணத்தில் உதவுபவரைப் பாதுகாக்கிறது. அது சாலை விபத்துக்கு மட்டுமே, கடலில் நேர்வதற்குப் பொருந்தாது. நியாய சன்ஹிதாவின் 30ஆம் பிரிவு, சம்மதம் பெற முடியாத நிலையில் ஒருவரின் நன்மைக்காக நல்லெண்ணத்தில் செய்த செயலைக் குற்றமாகக் கருதுவதில்லை. ஆனால் உரிய கவனமின்றிச் செய்த எதையும் சட்டம் நல்லெண்ணம் என்று ஏற்பதில்லை.

பதில் (ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர், கீழக்கரைப் பக்கம்)

தம்பி, வழக்கறிஞர் சொன்னதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். நீங்கள் பட்டியலிட்டவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கரையில் ஊசியே தேவைப்படாது. திருக்கை குத்தினால், தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை மூழ்க வைத்தால் வலி தணியும். மார்பிலோ வயிற்றிலோ முள் தைத்திருந்தால் பிடுங்காமல் அப்படியே அனுப்ப வேண்டும். நம் மருத்துவமனைகளில் உள்ள பாம்புக்கடி மாற்று மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கு எதிராகத் தயாரிக்கப்படுவது. கடல்பாம்பு நஞ்சுக்கு அதை நம்ப முடியாது. ஆகவே கடித்த காலை அசையாமல் வைத்து, மூச்சைக் கவனித்துக்கொண்டே விரைவாக அனுப்புவதுதான் உயிரைக் காக்கும்.

நீரில் மூழ்கியவரைத் தலைகீழாகத் தூக்கி வயிற்றை அமுக்கும் பழக்கம் நம் கரைகளில் இன்னும் போகவில்லை. அதைத் தடுத்து, முதலில் வாயோடு வாய் மூச்சுக் கொடுத்து, பிறகு நெஞ்சை அழுத்தக் கற்றுத் தந்தீர்களானால், அந்த அறையில் எத்தனை பாட்டில் ஏற்றினாலும் கிடைக்காத பலன் ஊருக்குக் கிடைக்கும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ஒரு மருத்துவர் தொலைபேசியில் உத்தரவிட்டால் நான் செய்யலாமா?

பதில் (வழக்கறிஞர்)

2020 மார்ச் மாதம் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள், சுகாதாரப் பணியாளர் வழியாக மருத்துவர் ஆலோசனை வழங்குவதை அனுமதிக்கின்றன. ஆனால் அந்தப் பணியாளர் செவிலியர், துணை மருத்துவத் தொழிலர் போன்றவராகவோ, உரிய அதிகாரியால் நியமிக்கப்பட்டவராகவோ இருக்க வேண்டும். சங்கம் நியமித்தது போதாது. அவசர நிலையில் தொலைபேசி ஆலோசனை முதலுதவி, உயிர்காக்கும் நடவடிக்கை, மருத்துவமனைக்கு அனுப்புவது ஆகியவற்றோடு நின்றுவிட வேண்டும் என்பதே அவற்றின் நிலைப்பாடு. எனவே அந்த அறைக்கு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரின் மேற்பார்வையை எழுத்தில் பெற முடியுமா என்று சங்கத்தின் பெயரில் மாவட்டச் சுகாதார அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். அதுவரை பாட்டில்களையும் ஊசிகளையும் அங்கிருந்து அகற்றிவிடுங்கள், பலகையில் "முதலுதவி" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் எழுத வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் இதையே வைக்கிறேன். வெந்நீருக்கு அடுப்பும், நோயாளியை எடுத்த நேரத்தையும் செய்த உதவியையும் எழுதி 108 பணியாளரிடம் கொடுக்க ஒரு பதிவேடும் வாங்கித் தரும்படி கேட்கப் போகிறேன்.