எம்.பி.டி. படித்துக்கொண்டே மாலையில் வேலை பார்க்கலாமா?

நெல்லை மாணவி:
எலும்பு மூட்டுப் பிரிவில் எம்.பி.டி. (பிசியோதெரபி முதுநிலைப் படிப்பு) முதலாண்டு படிக்கிறேன். மாலை 5 முதல் 8 வரை ஒரு தனியார் கிளினிக்கில் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். விடுதிக் கட்டணத்துக்காவது அந்தப் பணம் உதவும். நான்கரை ஆண்டு பி.பி.டி. (பிசியோதெரபி இளநிலை) முடித்தவள் என்பதால் தகுதியில் குறையில்லை. சேரலாமா?

பழைய விரிவுரையாளர்:
வேண்டாம் என்பேன். மாலைநேர கிளினிக்குகள் பலவற்றில் ஒரே நேரத்தில் ஒருவருக்கு வலி குறைக்க மின்னோட்டம் செலுத்தும் ஐ.எஃப்.டி., ஒருவருக்கு மெழுகு ஒத்தடம், இன்னொருவருக்குக் கழுத்தை மெல்ல இழுக்கும் டிராக்‌ஷன் என்று ஓடிக்கொண்டிருக்கும். மணி அடித்ததும் கருவியைக் கழற்றி அடுத்தவருக்கு மாட்டுவதிலேயே பொழுது போய்விடும். இதற்கு எதற்கு முதுநிலைப் படிப்பு? தவிரவும், நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்து ஆய்வேட்டுக்குத் தரவு சேகரிக்கத் தொடங்கியபின், வேலைக்குப் போகும் நோயாளி மாலையில்தான் அளவெடுக்க வருவார். அப்போது நீங்கள் கிளினிக்கில் இருப்பீர்கள்.

வீட்டுச் சிகிச்சையாளன்:
ஐயா சொல்லும் கிளினிக்குகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் கட்டணத்தை யார் கட்டுவது என்பதற்கு அவர் பதிலில் ஒரு வரிகூட இல்லை. நான் எம்.பி.டி. படித்தபோது ஹோம் விசிட் போனேன். மருத்துவமனைத் தளத்தில் நன்றாக நடந்த பக்கவாத நோயாளி ஒருவர், தம் வீட்டுக் குளியலறை வாசற்படியைத் தாண்ட முடியாமல் நின்றார். அவரைக் கட்டிலிலிருந்து எழுப்ப மகள் செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். அப்படி இழுத்தால் தோள்மூட்டு நழுவும் என்று விளக்கி, இடுப்பில் பெல்ட் கட்டிப் பிடிக்கப் பழக்கினேன். வார்டில் மட்டும் நின்றிருந்தால் இது என் கண்ணில் பட்டிருக்காது.

பழைய விரிவுரையாளர்:
அதே வீட்டில் நீங்கள் தனியாக இருக்கிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். முழங்கால் மாற்று அறுவை முடிந்து வீடு திரும்பியவருக்குக் கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருக்கிறது. "கொஞ்சம் நீவி விடுங்கள்" என்கிறார்கள் வீட்டார். ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருந்தால், நீவுவதாலேயே அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய்விடக்கூடும். பகல் முழுக்க வகுப்பும் வார்டும் முடித்து அலுத்து வந்தவர் அதைக் கவனிப்பார் என்று நம்ப எனக்குத் துணிவில்லை.

வீட்டுச் சிகிச்சையாளன்:
பி.பி.டி.யோடு நிறுத்திவிட்டு வேலைக்குப் போனவர்களும் தனியாகத்தானே பார்க்கிறார்கள்? கை வைக்காமல் அறுவை சிகிச்சை நிபுணரை உடனே அழைக்க வேண்டும் என்பது இளநிலையிலேயே படித்த பாடம். அலுப்பைப் பற்றி நீங்கள் சொல்வது மட்டும் நியாயம்; அதனால்தான் வார நாள்களில் ஒரு வீட்டுக்கு மேல் நான் ஒப்புக்கொள்ளவில்லை.

நெல்லை மாணவி:
கிளினிக்கில் கேட்டுவிட்டேன். புதிய நோயாளிகளை நானே பரிசோதித்துக் குறிப்பெழுதலாம், தேர்வு மாதத்தில் விடுப்பும் உண்டு என்கிறார்கள்.

பழைய விரிவுரையாளர்:
என் கருத்து மாறவில்லை. சேருவதாக இருந்தால் அந்த இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். வெளிவேலைக்குக் கல்லூரியின் அனுமதி வேண்டுமா என்று உங்கள் வழிகாட்டியிடமும் முன்னதாகவே கேட்டுவிடுங்கள்.