ஐ7 ஸ்டிக்கரை நம்பி வாங்கியவர்கள் கையைத் தூக்குங்கள்

கல்யாண எடிட்டர்:

2017 ஆடித் தள்ளுபடியில் ரிச்சி தெருப் பக்கம் ஒரு கடையில் லேப்டாப் வாங்கினேன். அப்போது எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான்: இன்டெல் சிப்பில் ஐ3யை விட ஐ5 பெரிது, ஐ5ஐ விட ஐ7 பெரிது, காசு இருக்கிறவன் ஐ7 வாங்குவான். என்னிடம் காசும் இல்லை, இஎம்ஐ போட்டு வாங்கினேன். கடைப் பையன் வேறு "இது ஐ7 சார், பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம்" என்றான்.

சனி ஞாயிறுகளில் கல்யாண வீடியோ எடிட் செய்வேன், அதற்காகத்தான் இந்தச் செலவே. முதலில் வந்தது மாமா பையன் கல்யாணம். இரண்டரை மணி நேர வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் எழுந்து பார்த்தால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, ஃபேன் சத்தத்தில் அம்மா "மிக்ஸி ஏதாவது ஓடுதா" என்று கேட்டார். அதே ஃபைலை நண்பன் வீட்டு டெஸ்க்டாப்பில் போட்டுப் பார்த்தோம், அவனுடையது ஐ5-7400. பாதி நேரத்துக்கும் குறைவாக முடித்துக் கொடுத்துவிட்டது. ஐ5 என் ஐ7ஐ ஜெயித்தால் எப்படி இருக்கும் சொல்லுங்கள்.

இரண்டுமே ஏழாம் தலைமுறை, இரண்டுக்கும் டர்போ, அதாவது உச்ச வேகம் 3.5 கிகாஹெர்ட்ஸ் என்றுதான் போட்டிருக்கிறது, டாஸ்க் மேனேஜரில் இரண்டிலும் நாலு கட்டம் ஓடுகிறது. கட்டங்களுக்குக் கீழே சின்ன எழுத்தில் இரண்டு வரி இருக்கும், அதை நான் அன்றுதான் முதல்முறையாகப் படித்தேன். அவனுடையதில் கோர், அதாவது சிப்புக்குள் நிஜமாக வேலை செய்கிற பகுதி 4, லாஜிக்கல் பிராசஸர், அதாவது த்ரெட் 4. என்னுடையதில் கோர் 2, லாஜிக்கல் பிராசஸர் 4. அதாவது என் நாலு கட்டத்தில் இரண்டு வெறும் நிழல்.

என் சிப்பின் முழுப் பெயர் ஐ7-7500யு. கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கிற அந்த 'யு' எழுத்துதான் எல்லாம். அது 15 வாட் சிப், நண்பனுடையது 65 வாட். 3.5ஐ என்னுடையதும் தொடும், ஆனால் கொஞ்ச நேரம்தான், சூடு ஏறியதும் இறங்கிவிடும். ஒளித்து வைத்த ரகசியமும் இல்லை இது, இன்டெல் பக்கத்தில் தேடியிருந்தால் ஒரு நிமிஷத்தில் கிடைத்திருக்கும். நான்தான் தேடவில்லை.

வயிற்றெரிச்சல் அதோடு முடியவில்லை. ஆவணி பிறந்த வாரத்திலேயே, ஆகஸ்ட் 21, எட்டாம் தலைமுறையை அறிவித்தார்கள். அதில் ஐ5-8250யு, அதே 15 வாட், 4 கோர், 8 த்ரெட். என் லேப்டாப் வந்த அட்டைப்பெட்டியை இன்னும் பரணில்கூட ஏற்றவில்லை.

உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும், எழுதுங்கள்.

சாக்பீஸ்:

வருஷா வருஷம் வகுப்பில் இதே பாட்டுதான். 4 கோர், 8 த்ரெட் என்றால் மொத்தம் 12 என்று கூட்டி எழுதுகிற பையன் ஒவ்வொரு பேட்சிலும் ஒருத்தன் இருப்பான். அவனுக்காக நான் எங்கள் தெரு சலூனை இழுப்பேன். அங்கே வேலை செய்கிற அண்ணன் ஒருத்தர்தான், நாற்காலி இரண்டு. ஒருவருக்கு டை பூசி ஊறவிட்டால் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கமாட்டார், அடுத்த நாற்காலியில் இருப்பவருக்குச் சவரம் செய்துகொண்டிருப்பார். கோர் என்பது அந்த அண்ணன். த்ரெட் என்பது நாற்காலி.

சிப்புக்குள் டை ஊறுவது என்றால் ராமிலிருந்து டேட்டா வருகிற வரை காத்திருப்பது. கேஷில் (கோருக்குப் பக்கத்திலேயே இருக்கிற சின்ன நினைவகம்) இல்லாத ஒன்றை எடுக்க ராம் வரை போய்வர ஏறக்குறைய 80 முதல் 100 நானோநொடி ஆகும், 3 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிற கோருக்கு அது 240, 300 துடிப்பு. அவ்வளவு நேரம் சும்மா நிற்பதற்குப் பதில் இன்னொரு வேலையைக் கையில் எடுக்கலாமே என்பதுதான் யோசனை. இன்டெல் இதை ஹைப்பர்த்ரெடிங் என்ற பெயரில் 2002 நவம்பரில் 3.06 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வழியாக வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தது. போட்டிக் கம்பெனி ஏஎம்டி இதே யோசனையை 2017இல் ரைசன் சிப்போடு கொண்டுவந்தது.

ஆனால் இரண்டு நாற்காலியிலும் முடி வெட்ட உட்கார்ந்துவிட்டால்? கை இரண்டுதானே. எங்கள் லேபில் பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகள் இருக்கிற இடம்) ஹைப்பர்த்ரெடிங்கை அணைத்தும் போட்டும் ஒரே ஃபோல்டரை ஸிப் செய்யச் சொல்லி மாணவர்களை நேரம் குறிக்கவைப்பேன். போட்டால் கால் பங்கு, சில நாள் அதற்குக் கொஞ்சம் மேலே லாபம் வரும். இரட்டிப்பாக ஒருநாளும் வந்ததில்லை. ஒரு கணக்கு புரோகிராமில் போட்ட பிறகு கொஞ்சம் மெதுவாகவே ஆனது. இரண்டு நாற்காலிக்கும் சீப்பும் கத்தரியும் வைக்கிற மேஜை ஒன்றுதான், கேஷைப் பங்குபோட வேண்டியிருக்கிறது.

கல்யாண எடிட்டர்:

அப்போ என் லேப்டாப் இரண்டு அண்ணன், நாலு நாற்காலி. நண்பன் வீட்டில் நாலு அண்ணன். புரிந்தது சார், எட்டு வருஷம் தாமதமாக.

கோடு போடுபவன்:

எங்கள் கதை இதற்கு நேர் எதிர். கோயம்புத்தூரில் ஒரு சிவில் இன்ஜினியர் ஆபீசில் டிராஃப்ட்ஸ்மேனாக இருக்கிறேன். கம்ப்யூட்டரில் வரைகிற கேட் (CAD) டிராயிங் பெரிதாகப் பெரிதாக ஒவ்வொரு ரீஜெனுக்கும் (திரையில் படத்தைத் திரும்ப வரைவது) டீ குடித்துவிட்டு வரலாம் என்கிற நிலைமை வந்ததும் முதலாளி ரைசன் 7 1700 போட்ட மெஷின் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். 8 கோர், 16 த்ரெட். மாலை போடாத குறை. பழைய மெஷினை ஜூனியருக்குத் தள்ளிவிட்டேன், அது ஐ3-8100, நாலு கோர், த்ரெட்டும் நாலுதான்.

ஒரு வாரம் கழித்து அந்தத் தம்பி வந்து "அண்ணே, உங்களுக்கு முன்னாடி எனக்குத் திறந்துடுது" என்றான். நம்பவில்லை. ஒரே டிராயிங்கை இரண்டு மெஷினிலும் ஒன்று, இரண்டு, மூன்று சொல்லித் திறந்தோம், ஐ3 ஒரு மூக்கு முந்தியது. மறுபடி செய்தோம், மறுபடியும் அதே.

என் திரையில் டிராயிங் உறைந்து நிற்கும்போது டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால் சிபியு 6 சதவீதம், 7 சதவீதம் என்று காட்டும். சிபியு சும்மா இருக்கிறது, அப்படியானால் ராம்தான் பிரச்சினை என்று ராம் கூட வாங்கிப் போட்டோம், ஒரு மாற்றமும் இல்லை. பிறகுதான் உறைத்தது, 100ஐ 16ஆல் வகுத்தால் 6.25. ஒரே ஒரு த்ரெட் மூச்சுவாங்க ஓடுகிறது, மற்ற பதினைந்தும் வேடிக்கை பார்க்கின்றன. சிபியு சதவீதத்தைப் பார்த்து யாராவது "மெஷின் ஃப்ரீயாத்தான் இருக்கு" என்று சொன்னால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். கட்டத்தின் மேல் ரைட் கிளிக் செய்து லாஜிக்கல் பிராசஸர் வாரியாகக் காட்டச் சொல்லிப் பாருங்கள், ஒரு கட்டம் மட்டும் உச்சியைத் தொட்டுக்கொண்டிருக்கும். சில நேரம் விண்டோஸ் அந்த வேலையைக் கட்டத்துக்குக் கட்டம் மாற்றிக்கொண்டே இருக்கும், அப்போது அதுவும் கண்ணில் படாது.

சிப்பைக் குறை சொல்லவில்லை. அதே மெஷினில் வீட்டு எலிவேஷனை (முகப்புத் தோற்றம்) பிளெண்டர் என்கிற 3டி சாஃப்ட்வேரில் ரெண்டர் போட்டால் பதினாறு கட்டமும் நிரம்பி வழியும், ஐ3 கிட்டே நெருங்கவே முடியாது. கடைசியில் எனக்கும் ஜூனியருக்கும் ஒப்பந்தம், நான் ஐ3யில் வரைகிறேன், அவன் ரைசனில் ரெண்டர் போடுகிறான். முதலாளிக்கு இன்றுவரை தெரியாது.

சாக்பீஸ்:

ஜீன் ஆம்டால் 1967லேயே போட்ட கணக்கு இது. ஒரு வேலையில் பத்தில் ஒரு பங்கு பிரிக்க முடியாததாக இருந்தால் ஆயிரம் கோர் போட்டாலும் வேகம் பத்து மடங்கைத் தாண்டாது. உங்கள் டிராயிங்கில் பிரிக்க முடிந்த பங்குதான் கொஞ்சமாக இருந்திருக்கிறது.

மதுரை செல்போன்:

லேப்டாப்காரர்களே, எங்கள் பக்கமும் கொஞ்சம் பாருங்கள். 2015, 16இல் செல்போன் கடையில் நின்றிருந்தால் தெரியும், வருகிறவர் எல்லாம் கேட்கிற முதல் கேள்வி "ஆக்டா கோரா?" என்பதுதான். ஸ்னாப்டிராகன் 615 சிப் போட்ட போன்களில் எட்டு கோர் இருந்தது உண்மை, எட்டுமே கார்டெக்ஸ் ஏ53 என்கிற சிக்கனமான சின்னக் கோர். அப்புறம் ஸ்னாப்டிராகன் 650 வந்தது, ஆறு கோர்தான், அதில் இரண்டு ஏ72 என்கிற பெரிய கோர். ஆப்பைத் தட்டியதும் திறக்கிறதா, ஸ்க்ரோல் செய்தால் திக்குகிறதா என்பதையெல்லாம் பெரும்பாலும் ஒன்றிரண்டு கோர்தான் தீர்மானிக்கும், அதில் இந்த ஆறு அந்த எட்டைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

இதைச் சொல்லி விற்க முயன்றேன். ஒரு பெரியவர், மகளுக்கு வாங்க வந்தவர், பொறுமையாக எல்லாம் கேட்டுவிட்டு "எட்டு இருக்கும்போது ஏம்ப்பா ஆறைத் தலையில் கட்டுறே?" என்றார். எட்டையே எடுத்துக் கொடுத்து அனுப்பினேன். அதே 2015இல் வந்த ஐபோன் 6எஸ்ஸில் இரண்டே கோர் என்று சொல்லியிருந்தால் கடையை விட்டே ஓடியிருப்பார்.

ராத்திரி ஷிஃப்ட்:

நான் மாட்டிக்கொண்டது கிளவுடில். ஆபீசில் இருந்த 4 கோர் சர்வரைத் தூக்கிவிட்டு 4 விசிபியு (கிளவுட் கம்பெனிகள் சிபியுவை எண்ணி வாடகைக்கு விடுகிற அலகு) வாடகைக்கு எடுத்தோம், நாலுக்கு நாலு சரியாகப் போச்சு என்று நினைத்து. மாதக் கடைசி ரிப்போர்ட் விடிய விடிய ஓடியது. இரவு இரண்டு மணிக்கு லினக்ஸில் எல்எஸ்சிபியு கட்டளையைத் தட்டிப் பார்த்தேன், ஒரு கோருக்கு இரண்டு த்ரெட், மொத்தக் கோர் 2. இன்டெல், ஏஎம்டி சர்வர்களில் ஒரு விசிபியு என்றால் பெரும்பாலும் ஒரு த்ரெட்தான், சாக்பீஸ் சார் சொன்ன நாற்காலி. விலைப்பட்டியலுக்குக் கீழே எழுதியும் இருந்தது, யார் படித்தது. அமேசானின் கிராவிட்டான் போன்ற ஆர்ம் சர்வர்களில் ஒரு விசிபியு ஒரு முழுக் கோர். அதனால் எண்ணை மட்டும் வைத்து இரண்டையும் ஒப்பிட்டால் கணக்கு இடறும்.

இன்னொன்று, ஒரே கோரில் இரண்டு பேரை உட்காரவைப்பதில் பாதுகாப்புத் தொல்லையும் உண்டு, பக்கத்து நாற்காலிக்காரன் எட்டிப் பார்க்கலாம். 2018இல் ஓபன்பிஎஸ்டி என்கிற ஆபரேட்டிங் சிஸ்டம் இந்தக் காரணத்துக்காகவே ஹைப்பர்த்ரெடிங்கை முன்னிருப்பாக அணைத்து வைத்தது.

கேமர் தம்பி:

கோர் என்றால் என்ன என்பதே கோர்ட்டுக்குப் போன விஷயம் அண்ணே. ஏஎம்டியின் எஃப்எக்ஸ் சிப்களை 8 கோர் என்று விற்றார்கள். உள்ளே நாலு ஜோடி, ஒவ்வொரு ஜோடிக்கும் தசமக் கணக்கு போடுகிற பகுதி பொதுவாக ஒன்று. இது எட்டா நாலா என்று அமெரிக்காவில் வழக்கு நடந்து, 2019இல் 1 கோடியே 21 லட்சம் டாலருக்கு சமரசம் பேசி முடித்தார்கள். சமரசம் என்பதால் எட்டா நாலா என்பதற்குத் தீர்ப்பே வரவில்லை.

அக்கா மகன்:

இப்போது வருவதைப் பார்த்தால் இன்னும் குழப்பம். காலேஜுக்கு லேப்டாப் பார்க்கிறேன், ஒன்றில் ஐ5-1235யு, 10 கோர், 12 த்ரெட். இன்னொன்றில் ஐ5-12450எச், 8 கோர், 12 த்ரெட். பத்துதானே நல்லது? பத்து பெருக்கல் இரண்டு இருபது என்று ஏன் வரவில்லை?

கல்யாண எடிட்டர்:

தம்பி, இதை நான் சொல்கிறேன், இதற்காகத்தான் அடிபட்டிருக்கிறேன். 12ஆம் தலைமுறையிலிருந்து இன்டெல் இரண்டு வகைக் கோரைக் கலந்து வைக்கிறது, ஒன்று பெரியது, ஒன்று சிக்கனமானது. பெரியதற்கு மட்டும் இரண்டு நாற்காலி, சிக்கனமானதற்கு ஒன்றுதான். 1235யுவில் பெரியது 2, சின்னது 8. இரண்டை இரட்டித்து எட்டைக் கூட்டினால் 12. 12450எச்சில் பெரியது 4, சின்னது 4. நாலை இரட்டித்து நாலைக் கூட்டினாலும் அதே 12. த்ரெட் ஒன்றாக இருந்தாலும் கேம், எடிட்டிங் என்றால் நான் இரண்டாவதையே எடுப்பேன், பேட்டரி சீக்கிரம் இறங்கும், தூக்கவும் கனமாக இருக்கும், அது பரவாயில்லை என்றால். நோட்ஸ் எழுத, பிரவுசர், கொஞ்சம் பைத்தான் என்றால் முதலாவதே போதும்.

ஏஎம்டி பக்கம் போனால் அங்கே எண்ணுக்குள் ஒளித்திருக்கிறார்கள். ரைசன் 5 7520யுவும் ரைசன் 5 7530யுவும் பெயரில் பத்துதான் வித்தியாசம். முன்னது ஜென் 2 என்கிற பழைய வடிவமைப்பு, நாலு கோர். பின்னது ஜென் 3, ஆறு கோர். அந்த வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருப்பது எந்த ஜென் என்று சொல்லும். முதல் இலக்கம் எந்த வருஷத்து வரிசை என்பதற்கு, அதைப் பார்த்து மயங்காதே. இன்டெல்லின் கோர் அல்ட்ரா 200 வரிசையில் பெரும்பாலானவற்றில் ஹைப்பர்த்ரெடிங்கையே எடுத்துவிட்டார்கள். 285கேயில் 24 கோர், த்ரெட்டும் 24தான், குறைந்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம்.

போன மாதம் அண்ணன் பெண்ணுக்கு லேப்டாப் வாங்க நானே கூடப் போனேன். கடைப் பையன் "ஐ7 சார்" என்று ஆரம்பித்தான். "முழு எண் சொல்லு தம்பி, கடைசி எழுத்தோடு" என்றேன். முழித்தான். ஸ்டிக்கரில் இல்லை, விலைச் சீட்டிலும் இல்லை, உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்து பக்கவாட்டில் பொடி எழுத்தில் தேடிப் படித்துக் காட்ட ஐந்து நிமிஷம் ஆனது. அதற்குள் பக்கத்தில் நின்றிருந்த இன்னும் இரண்டு பேர் தங்கள் பெட்டியையும் திருப்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள், பையன் என்னை முறைத்தான்.

என் பழைய 7500யு இன்னும் ஓடுகிறது. விண்டோஸ் 11க்கு அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை, எஸ்எஸ்டி மாட்டி லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். அம்மா அதில் சீரியல் பார்க்கிறார். ஃபேன் சத்தமே இல்லை.