புதுப்பிப்பு: ஏற்காடு பங்களா கதவுக் குமிழ், ஸ்கெட்ச்அப்பில் ஓட்டை விழுந்த விஷயம்

ஏற்காட்டில் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவைப் புதுப்பிக்க வரைபடம் போடுகிறேன், அதன் பித்தளைக் கதவுக் குமிழை ஸ்கெட்ச்அப் என்ற முப்பரிமாண வரைபட மென்பொருளில், 'ஃபாலோ மீ'யில் (குறுக்குவெட்டை ஒரு பாதையில் ஓட்டி உருவமாக்கும் கருவி) சுற்றினால் வளைவில் பொத்தல் பொத்தலாக விழுகிறது என்று கேட்டிருந்தேன். சரியாகிவிட்டது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

காரணம் அளவுதான். ஆயிரத்தில் ஒரு அங்குலத்துக்குள் (0.0254 மி.மீ.) இருக்கும் இரு புள்ளிகளை ஸ்கெட்ச்அப் ஒரே புள்ளியாக எடுத்துக்கொள்ளும். வட்டத்தை வழக்கமாக 24 நேர்கோட்டுத் துண்டாகத்தான் போடும். குமிழின் நுனியில் ஆரம் 0.1 மி.மீ. வந்தால் ஒரு துண்டு 0.026 மி.மீ. அதற்கும் கீழே போனால் கோடுகள் ஒட்டிக்கொண்டு, முகம் (கோடுகளுக்கு நடுவே வரும் பரப்பு) உருவாகாமல் ஓட்டையாக நின்றுவிடும்.

இங்கே ஒரு அண்ணன் சொன்ன வழியில் செய்தேன். குறுக்குவெட்டையும் வட்டத்தையும் சேர்த்து காம்பொனென்ட் (ஒரு நகலுக்குள் மாற்றினால் எல்லா நகலும் மாறும் தொகுப்பு) ஆக்கி, பக்கத்தில் ஒரு நகல் வைத்து, நகலை மட்டும் 1000 மடங்கு பெரிதாக்க வேண்டும். அதைத் திறந்து உள்ளே 'ஃபாலோ மீ' ஓட்டினால், சிறியதிலும் அதே உருவம் முழுசாக வந்து உட்காரும். பிறகு பெரியதை அழித்துவிடலாம். அருமையான யோசனை, அண்ணா!

வளைவு வழவழப்பாகத் தெரிய வட்டத்தின் துண்டுகளை 96 ஆக்கச் சொன்னதை மட்டும் நான் எடுக்கவில்லை. 'சாஃப்டன் எட்ஜஸ்' (முகங்களுக்கு இடையிலான கோடுகளை மறைக்கும் வசதி) கோணத்தைக் கூட்டி, அதில் 'ஸ்மூத் நார்மல்ஸ்' (முகங்களை ஒரே வளைவாகக் காட்டும் தேர்வு) டிக் செய்தாலே 24-இல் பளபளவென்று இருக்கிறது. ஓரத்தை உற்றுப் பார்த்தால் லேசாகக் கோணம் தெரியும். கதவளவுப் படத்தில் அது கண்ணுக்கே படாது. ஜன்னல் கொக்கிகளுக்கும் இதையேதான் செய்யப்போகிறேன்.